ஊர் ஒரு நிரல், மனம் ஒரு நிரல்

வாக்குப் போட்டுவிட்டு வந்த பெண்கள், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாத விடயத்தை, இடுப்பில் பிள்ளையும் கையில் எழுதுகிற கொப்பியுமாக ஒழுங்கையில் நின்ற என்னிடம் ஏன் சொன்னார்கள்? மாதங்கள் போய்விட்டன. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. என்னை நம்பினார்களா, நான் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்தார்களா, அல்லது யாராவது எப்போதாவது கேட்கட்டும் என்று காத்திருந்தார்களா? மூன்றாவதுதான் காரணம் என்று நினைக்க எனக்கு விருப்பம். என் விருப்பத்துக்காக அது உண்மையாகிவிடாது என்பதும் தெரியும்.

அது பிரதேச சபைத் தேர்தல். எங்கள் வட்டாரத்தில் இரண்டு ஊர்கள். ஒன்று எங்களுடையது, வாவியோரத்தில். தேர்தலுக்கு முந்தைய நாள் பின்னேரம் மாமா வந்தார். மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். எங்கள் பகுதியில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது. அம்மாவின் குடிதான் என் குடி, அதுதான் மாமாவின் குடி, என் ஒன்றரை வயது மகளின் குடியும் அதுவே. கோயில் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஓராள் இருப்பார். எங்கள் குடிக்கு மாமா. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்திலும் அவர்தான் செயலாளர். ஊரில் எதையாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் அவர் இல்லாமல் முடியாது.

கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்து, ஊர் முழுக்க ஒரே சின்னத்துக்குப் போடுவது என்று முடிவாகிவிட்டது என்றார். பிரிந்து பிரிந்து போட்டதால்தான் இத்தனை வருடமும் எங்கள் ஒழுங்கைகளுக்கு ஒரு லைட்கூட வரவில்லை என்பது அவருடைய நியாயம். அதில் பிழை இல்லை. மாரியில் அந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீரில் நடந்தவள் நானும்தான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி வந்தது, வாய் தவறிக் கேட்டும் விட்டேன்.

"கூட்டத்துக்குப் பெண்டுகளும் வந்தாங்களா, மாமா?"

"பெண்டுகள் எதுக்குப் புள்ள? வீட்டுக்கு ஒரு ஆம்புள வந்தாக் காணும்தானே. நாம சொல்றதுக்குத்தானே அவங்க போடுவாங்க."

என் கணவர் சிரித்தார். அம்மா குசினிக்குள் போனார். நான் மகளுக்குப் புட்டைப் பாலில் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவள் நான். ஆய்வு எப்படிச் செய்வது, வினாக்கொத்து எப்படித் தயாரிப்பது, எல்லாம் படித்துச் சித்தி எய்தினேன். அந்தப் படிப்பால் எனக்கு வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் கேட்டுப் பார்க்காமலே ஒரு மனிதர் இத்தனை உறுதியாகச் சொல்லும்போது எனக்கு உடம்பில் எங்கோ கடித்தது. கேட்டுப் பார்த்தால் என்ன?

இரவு படுத்தபின் வேண்டாம் என்று தோன்றியது. காலையில் வேண்டும் என்று தோன்றியது. ஏழு மணிக்கே போய் என் வாக்கைப் போட்டேன். இடது கைச் சின்ன விரலில் மை பூசியபோதும் முடிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து மகளுக்குக் காய்ச்சல் இல்லை என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொப்பியை எடுத்தேன்.

அது மகளுடைய கொப்பி. எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எவ்வளவு நேரம் தூங்கினாள், தடுப்பூசி போட்ட நாளில் காய்ச்சல் எவ்வளவு என்று பிறந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பார். அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டேன். முதல் நிரலுக்கு ஊர் என்றும் அடுத்ததற்கு மனம் என்றும் தலைப்பு. எந்தச் சின்னம் என்று நான் கேட்கப்போவதில்லை. அது எனக்குத் தேவையில்லை. ஊர் சொன்னதற்கா, உங்கள் மனதுக்கா, அது ஒன்றுதான் கேள்வி.

மூன்றாவதாகவும் ஒரு நிரல் போட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

ஆய்வென்றால் பதில் சொன்னவரைப் பற்றி ஏதாவது ஒரு விவரம் வேண்டும் என்று படித்திருக்கிறேன். வயது கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். எத்தனையாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்று கேட்டால் அந்த வயதுப் பெண்கள் தலைகுனிவார்கள். பெயர் எழுதவே கூடாது. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் முதலில் கேட்பது என்ன குடி என்றுதான். அதற்கு யாரும் கோபிப்பதில்லை, மறைப்பதுமில்லை. ஆகவே மூன்றாவது நிரலில் குடி என்று எழுதினேன். மிகவும் பண்பான, யாரையும் நோகடிக்காத ஒரு விவரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வாக்களிப்பு நிலையம் பள்ளிக்கூடம். அதன் முன்வாசல் சந்தியில் ஆண்கள் கூடி நின்றார்கள். யார் வருகிறார்கள், யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்க்கிறவர்கள். அதனால் பெண்கள் போட்டுவிட்டுத் திரும்பும்போது பின்பக்கமாக இறங்கி வாவிக்கரை ஒழுங்கையால் வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். நிலையத்துக்குக் கிட்ட நின்று வாக்காளரோடு கதைப்பது சட்டப்படி பிழையாகிவிடுமோ என்று பயந்து, மதகையும் தாண்டி, இனிப் பள்ளிக்கூடத்துக் கூரைகூடத் தெரியாது என்ற இடத்தில், ஒரு பூவரச மர நிழலில் நின்றேன். அப்போதும் தூரம் காணுமா என்று இன்னும் முப்பது அடி தள்ளிப் போனேன். அங்கே நிழல் இல்லை. மகளுக்கு வெயில் படுகிறதே என்று திரும்ப மரத்தடிக்கே வந்தேன்.

முதலில் வந்தது என் வயதுக்காரி ஒருத்தி. கேள்வியைக் கேட்டதும் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் மகளின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே, பிள்ளையிடம் கதைப்பது போல, "மனசுக்குத்தான்டி குஞ்சு, மனசுக்குத்தான்" என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளையைத் தூக்குவார்கள், கொஞ்சுவார்கள், பதிலைப் பிள்ளைக்குச் சொல்வார்கள். நான் எழுதுவேன். ஊர் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களும் வெட்கப்படவில்லை. ஒரு பெண் தன் கணவர் சொன்னதற்குத்தான் போட்டதாகவும், ஆனால் கணவர் ஊர் சொன்னதற்கு மாறாகச் சொன்னதாகவும், ஆகவே தன்னை எந்த நிரலில் போடுவேன் என்றும் கேட்டாள். இரண்டுக்கும் நடுக்கோட்டில் ஒரு புள்ளி வைத்தேன்.

இன்னொருத்தி கேள்வியைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கினாள். "இருபது வருசமா என்ட மனுசன் காட்டுற சின்னத்துக்குத் தலையாட்டிட்டுப் போறன் கா. உள்ளுக்க போய் என்ன செய்றன் எண்டு இண்டைக்குத்தான் ஒராள் கேக்குது" என்றாள்.

அம்மாவும் அந்த வழியாகத்தான் வந்தார். என்னைக் கண்டு முகம் சுருங்கியது. வெயிலில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன வேலை என்று ஏசினார். நான் கேள்வியைக் கேட்டேன். பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா என்று தெரியவில்லை, ஆனால் கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையை மூடினார்.

"மனம் எண்டு போடு. ஆருக்கெண்டு மட்டும் கேட்டிராத."

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு அரசியலில் ஒரு மனம் இருக்கிறது என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

நடுவில் ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் வந்தார். என்ன எழுதுகிறேன் என்று அவருக்கு வந்த அரைகுறைத் தமிழில் கேட்டார். கொப்பியின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, பிள்ளை பால் குடித்த கணக்கு என்றேன். அவர் கவனமாகப் பார்த்தார். தன் மனைவியும் இப்படித்தான் எழுதுவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது முழுப் பொய்யும் இல்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு அக்கா வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவர். சண்டைக் காலத்தில் வாவியை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர். ஒரே மகள், அவளும் வெளிநாட்டில் வீட்டு வேலை. அக்கா கொப்பியைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"பேர் எழுதுவீங்களா தங்கச்சி?"

"இல்லக்கா. பேர் எழுத மாட்டன். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியவராது."

"எனக்கு இந்தச் சமையல் வேலை பெற்றோர் சங்கத்தாலதான் கிடைச்சது. அதான் கேட்டன்."

"தெரியவராதுக்கா."

அக்கா கிட்ட வந்து, "என்ட மனசுக்குத்தான் போட்டன்" என்றார். என்ன குடி என்று கேட்டேன். சொன்னார். எங்கள் ஊரில் கேள்விப்படாத குடி. புதிதாக ஒன்று கிடைத்த சந்தோசத்தில் நல்ல தெளிவான எழுத்தில் எழுதினேன்.

வீடு வந்து எண்ணிப் பார்த்தேன். மனம் நிரல்தான் நீளம். நான் கேட்டவர்கள் ஊரிலுள்ள எல்லாப் பெண்களும் அல்ல, பொய் சொன்னவர்களும் இருக்கலாம், ஒழுங்கையால் வந்தவர்கள் சந்தியால் போனவர்களைவிட வேறு மாதிரியானவர்களாக இருக்கலாம். படித்ததை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படியும் எனக்கு அன்று இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. சோறு போடும்போது கணவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சந்தோசப்பட்டார் என்றே நினைக்கிறேன். அவர் நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்தத் தேர்தலில் வட்டாரத்திலேயே எண்ணுவார்கள் என்பதால், பொழுது படும்போதே முடிவு தெரிந்துவிட்டது. ஊர் தீர்மானித்த சின்னம் மிகச் சொற்ப வாக்கில் தோற்றிருந்தது. மறுநாள் காலையில் கணவர் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன கடையில், பக்கத்து ஊர்க்காரர்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்று கதைத்திருக்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டே, பக்கத்து ஊருக்கு ஏன் போக வேண்டும், நம்முடைய பெண்டுகள் போட்டதெல்லாம் என் பெண்சாதியின் கொப்பியில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பகிடிக்குத்தான் சொன்னாராம்.

நான் கிணற்றடியில் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஈரப் பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தால், மாமா கதிரையில் இருக்கிறார். மேசையில் கிடந்த கொப்பி அவர் மடியில், கடைசிப் பக்கம் விரித்தபடி. அவருடைய விரல் மூன்றாவது நிரலில் மேலிருந்து கீழே போய் ஓரிடத்தில் நின்றது.

"இந்தக் குடியில எங்கட ஊருல ஒராள்தானே இருக்கு."

அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. பெயர் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் பிறந்த பெண்களுக்குக் குடி ஒரு கூட்டம், அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். வந்து சேர்ந்த ஒருத்திக்குக் குடியும் பெயரும் ஒன்றுதான். நாங்கள் எப்போதும் கூட்டத்தோடு இருந்தவர்கள் என்பதால் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. இடம்பெயர்ந்து வந்தவருக்கு இருக்க வளவு ஒழுங்கு செய்து கொடுத்ததும், சமையல் வேலையை எடுத்துக் கொடுத்ததும் தான்தான் என்று சொன்னார். ஊரின் சோற்றில் இருந்துகொண்டு ஊரைத் தோற்கடிப்பதா என்றார். வருகிற சங்கக் கூட்டத்தில் இந்தக் கொப்பியைக் காட்டப்போவதாகவும், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லப்போவதாகவும் சொன்னார். அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூட இருந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வருத்தத்தோடு செய்கிறவர்கள் பாதியில் நிறுத்தமாட்டார்கள்.

கொப்பியைத் தரும்படி கேட்டேன். கூட்டம் முடிந்ததும் தருவதாகச் சொன்னார். பிள்ளையின் தலையிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. தடிமன் பிடித்துவிடும், முதலில் தலையைத் துவட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் யோசனை. இன்னொரு பக்கம், தெரியவராதுக்கா என்று நான் இரண்டு தரம் சொன்னது காதில் கேட்டது.

"காட்டுங்க மாமா" என்றேன். "ஆனா நடுவில இருந்து வாசிக்கக் கூடாது. மேல இருந்து வாசிக்கணும். எங்கட குடியில இருந்து தொடங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். விரல் மறுபடி மேலே போனது. எங்கள் குடிதான் ஊரில் பெரிய குடி, ஆகவே அதிக வரிகள் அதற்குத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனம், மனம், ஊர், மனம். அவருடைய சகோதரிகள், சகோதரிகளின் மகள்மார், நிருவாகத்தில் அவர் யாருடைய பேரில் இருக்கிறாரோ அந்தப் பெண்கள். எண்ணி முடித்தபோது அவருடைய முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

"உன்ட அம்மாவும் இதில இருக்காளா?"

"பேர் எழுதல்ல மாமா."

"நீ?"

"என்னைப் பற்றி நான் சொல்லுவன். நான் என்ட மனசுக்குத்தான் போட்டன். சமையலுக்கு வேற ஆளைப் பார்க்கிறதெண்டா, அதுக்கு முதல் எங்கட குடிக்கு வேற பெண்டுகளைப் பாருங்க."

சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தரமும் மாமாவின் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசாதவள். என் கல்யாணத்தையும் பேசி முடித்தவர் அவர். ஆனால் வாய் நிற்கவில்லை.

"இது என்ட வீடு மாமா. இந்த வீட்டில எழுதின கொப்பி இந்த வீட்ட விட்டு வெளியால போகாது."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்தன்று அம்மா இந்த வீட்டை என் பெயரில் எழுதினார். சாட்சிக் கையெழுத்து வைத்தவர் மாமா. அதை அதுவரை நான் ஒருவரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பல நாள் யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. வீடு எனக்குத்தான் என்றால் அதற்குள் ஒரு தரமாவது நான் சொல்வது நடக்க வேண்டும்.

அப்போதுதான் அம்மா குசினியிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. கையில் தேநீர்க் கோப்பை, வாய்வரை நிறைத்து. "தேத்தண்ணி ஆறுது, அண்ணன்" என்று மாமாவின் இரண்டு கைகளிலும் அதைக் கொடுத்தார். சிந்தாமல் வாங்க அவர் கொப்பியை விட வேண்டியிருந்தது. அம்மா கொப்பியை எடுத்து மகளின் உடுப்புகளுக்கு நடுவே வைத்து அலுமாரியைச் சாத்தினார். மாமா தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

அன்றே கத்தரிக்கோலால் மூன்றாவது நிரலை நீளமாக வெட்டி எடுத்து அடுப்பில் போட்டேன். மற்ற இரண்டு நிரல்களும் அப்படியே இருக்கின்றன. எரிக்கமாட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனம் இருக்கிறது என்பதற்கு வேறு எங்கும் எழுத்தில் சாட்சி இல்லை. கணவர் இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டார். மாமா ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது வருகிறார், பிள்ளையைத் தூக்குகிறார், தேர்தலைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. எங்கள் குடியை வைத்து அவருடைய வாயை அடைத்தது சரிதானா, அந்தப் பெண்களிடம் கேட்காமல் அவர்களை முன்னால் நிறுத்தியது சரிதானா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. ஆனால் கேட்டது பிழை என்று யாரும் என்னைச் சொல்லவைக்க முடியாது. அடுத்த தேர்தலிலும் அந்த ஒழுங்கையில் நிற்பேன். இரண்டு நிரலோடு.

போன கிழமை அந்த அக்காவை வழியில் கண்டேன். அடுத்த தேர்தலுக்கும் நிற்பீர்களா தங்கச்சி என்று சிரித்தபடி கேட்டார். நிற்பேன் என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. யார் சமைப்பது என்று சங்கம் தை மாதத்தில் மறுபடி முடிவெடுக்கும். மாமாதான் இன்னும் செயலாளர். அந்தக் காகிதத் துண்டு சாம்பலாகிவிட்டது, ஆனால் அவர் வாசித்தது அவருடைய தலையில் இருக்கிறது. அவர் மனம் மாறிவிட்டாரா, பொறுத்திருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. அக்காவின் வேலையில் கை வைத்தால் சங்கக் கூட்டத்துக்கு நான் போவேன், எழும்பிப் பேசுவேன். அதில் சந்தேகம் இல்லை.

இதை எழுதும்போது அக்காவின் வேலையை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சமையல் அல்ல, வேறொன்று. வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். அந்த அளவுக்காவது படித்துவிட்டேன்.

ஆனால் தைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதே போய், அக்கா, நான் சொன்ன சொல் தவறிவிட்டது, உங்களைப் பற்றி ஓராளுக்குத் தெரியும் என்று சொன்னால், அவர் ஒவ்வொரு நாளும் மாமாவின் முகத்தைப் பார்த்துப் பயந்து வாழ வேண்டும். இனி யார் கேட்டாலும் வாய் திறக்கமாட்டார். சொல்லாமல் விட்டால், ஒருநாள் வேலை போகும்போது ஏன் போகிறது என்றே தெரியாமல் நிற்பார். முன்கூட்டியே ஒரு வழி பார்க்கும் வாய்ப்பையும் நான் பறித்தவளாவேன். இதை வாசிக்கும் உங்களில் யாராவது, ஒரு சின்ன ஊரில், கொடுத்த வாக்கு இப்படி உடைந்து நின்றிருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நான் அக்காவின் வீட்டுக்குப் போகவா, விடவா?